நின்ற கோலம், கிடந்த கோலம்

வேட்டைப் பறவையைப் பாடம் செய்து நிறுத்துகிறவர், பார்ப்பவர் முன் ஓர் உரிமை கொண்டாடுகிறார்: "இது அந்தப் பறவையேதான்." ஓவியர் அப்படிச் சொல்வதில்லை, சிற்பியும் சொல்வதில்லை. சுவரில் மாட்டிய ஃபெசன்ட் சேவலின் இறகு அதே சேவலில் முளைத்த இறகு, தோல் அதே தோல். அதனால் இது சாயல் என்ற நிலையைக் கடந்து உண்மையாகவே ஆகிவிட்டது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. இந்த உரிமையில் எவ்வளவு செல்லும், எவ்வளவு செல்லாது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பறவையின் உயிர் போன பிறகு செய்யப்படும் வேலை இது. சரியாகச் செய்தார்களா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

எடுத்துக்காட்டுக்கு அந்த ஃபெசன்டையே வைத்துக்கொள்வோம். கழுத்தில் வெள்ளை வளையம், முகத்தில் சிவந்த வெற்றுத்தோல், நீண்ட வரிவால். ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பறவையை 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது சவுத் டகோட்டாவின் மாநிலப் பறவை. பிரிட்டனில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வளர்த்து வேட்டைக்காகத் திறந்துவிடுகிறார்கள். இரு நாடுகளிலும் பாடம் செய்பவரின் மேசைக்கு மிக அதிகமாக வரும் பறவைகளில் இது ஒன்று.

கத்தி படுவதற்கு முன்பே வேலையின் பாதித் தரம் முடிவாகிவிடுகிறது. சுட்ட பறவையின் கழுத்தைத் திருகக் கூடாது. வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கவும் கூடாது. இரத்தம் இறகில் இறங்காமல் தொண்டையிலும் குண்டு பாய்ந்த துளையிலும் பஞ்சு அடைக்க வேண்டும். தலையை இறக்கைக்கடியில் மடித்து, இறகு கலையாமல் நைலான் காலுறைக்குள் நழுவவிட்டு, காற்றுப் புகாத பையில் கட்டி உறையவைக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் சுட்ட வாத்துகளில் பல இறகுகள் இன்னும் உறைக்குள் இருக்கும் இளங்குருத்துகளாக இருக்கும். அப்படிப்பட்ட வாத்தை எத்தனை கைத்திறன் இருந்தாலும் நிறைந்த இறகுடையதாக ஆக்கிவிட முடியாது. அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவரைத்தான் நான் நல்ல கைவினைஞர் என்பேன். வாங்கிக்கொண்டு சமாளிக்கிறவரின் வேலை முதல் நாளிலேயே பொய்யில் தொடங்கிவிடுகிறது.

அடுத்து தோலுரிப்பு. மார்பிலோ முதுகிலோ ஒரு கீறல் போட்டு, முழங்கால், தோள், வால்முளை ஆகிய இடங்களில் எலும்பை வெட்டி, தோலைச் சட்டையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியாகத் திருப்பிக்கொண்டே மண்டை ஓடு வரை போவார்கள். கழுத்து ஒடுங்கித் தலை பெரிதாக உள்ள பல வாத்துகளில் தோல் தலையைத் தாண்டாது. பிடரியிலோ தொண்டையிலோ இன்னொரு கீறல் வேண்டும். இந்த இடத்தில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. ஈரத்தோல் இழுபடும். குறிப்பாகக் கழுத்துத் தோல், உள்ளே இருந்த கழுத்தைவிட மிக நீளமாக வந்துவிடும். தோலின் அளவை நம்பி உள்ளுடல் செய்தால், உயிருள்ள எந்த ஃபெசன்டுக்கும் இல்லாத நெடுங்கழுத்து வாய்க்கும். அதனால் அனுபவசாலிகள் உரித்தெடுத்த உடலைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் நீளம், சுற்றளவு, தோளுக்கும் இடுப்புக்கும் இடைவெளி, கழுத்தின் நீளம் எல்லாவற்றையும் அளந்து, அதை முன்னால் வைத்துக்கொண்டே மரச்சீவல் சுருளை நூலால் இறுகக் கட்டி உள்ளுடல் வார்ப்பார்கள். இன்று அளவுவாரியாகக் கடையில் கிடைக்கும் நுரை உடல்கள் இந்த வேலையை எளிதாக்கியிருக்கின்றன, கூடவே கெடுத்தும் இருக்கின்றன. கட்டிய உடல் ஒரு குறிப்பிட்ட பறவையின் உடல். வாங்கிய உடல் அந்த இனத்தின் சராசரி. "இது அந்தப் பறவையேதான்" என்ற உரிமையில் முதல் பெரிய விரிசல் இங்கேதான் விழுகிறது.

கொழுப்பைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் இந்தத் தொழிலின் நேர்மையை அளக்க இதைவிடச் சரியான இடம் இல்லை. குளிர்கால வாத்தின் தோலடியில் மஞ்சள் கொழுப்பு கனமாகப் படிந்திருக்கும். சுழலும் கம்பிச் சக்கரத்தில் வைத்து, இறகின் வேர்களை அறுக்காமல், அதை வரிவரியாக எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், அலுப்பூட்டும், முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. பாதியில் விட்டாலும் பறவை அழகாகவே நிற்கும், சில ஆண்டுகளுக்கு. அதற்குள் கூலி வாங்கியாகிவிடும். பிறகு அந்தக் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டு, தோலை அரித்து, மார்பு இறகின் வழியே மஞ்சள் கறையாகக் கசியும். வாடிக்கையாளர் காலத்தையோ வீட்டுப் புழுக்கத்தையோ குறைசொல்வார்.

கொழுப்பு போன பின் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் அலசி, சூடான காற்றில் உலர்த்தி, இறகு பஞ்சாக எழும்பியதும் உட்தோலில் வெண்காரம் பூசி, உள்ளுடலில் ஏற்றி, கால், இறக்கை, கழுத்துகளில் கம்பி ஓட்டி நிறுத்துவார்கள். பறவையின் இறகுகள் உடல் முழுதும் பரவலாக முளைப்பதில்லை. சில பட்டைகளில் மட்டும் முளைத்து இடையிலுள்ள வெற்றிடங்களை மூடிக்கொள்கின்றன. தோள் அரை விரல் தள்ளிப்போனால் பட்டைகள் இடம் மாறும், இறக்கையின் மேல் மார்பு இறகு படிய வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். பாடம் செய்த பறவையில் "ஏதோ சரியில்லை" என்று பார்வையாளர் உணர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இறகை எவ்வளவு வாரினாலும் இது திருந்தாது, அடியிலுள்ள தோளை நகர்த்த வேண்டும்.

இப்போது நின்ற கோலத்தில் இருக்கும் இந்தப் பறவையில் எது அசல் என்று பார்ப்போம். கண், கண்ணாடி. சிவந்த முகத்தோல் உலரும்போது சுருங்கிக் கறுத்துவிடுவதால் அதன் மேல் வண்ணம். சில சமயம் முகமே வார்ப்பு. உறைநிலையில் உலர்த்திய தலையைப் பொருத்துவோரும் உண்டு. மல்லார்டு வாத்தின் செம்மஞ்சள் கால் உலர்ந்தால் மங்கிப் பழுப்பாகும், அதற்கும் வண்ணம். உடல், மரச்சீவல் அல்லது நுரை. கழுத்து, கம்பியும் பஞ்சும். தோற்றநிலை, செய்தவரின் கற்பனை அல்லது நினைவு. இறகும் தோலும், அலகும், சில இறக்கை எலும்புகளும் கால் எலும்புகளும்தான் பறவையுடையவை. பார்ப்பவரின் பார்வை முதலில் போய் நிற்கும் கண், முகம், நிற்கும் வாகு ஆகியவை முழுவதும் கைவினைஞருடையவை. வாத்தின் தலைப் பச்சை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி குறுக்கிடுவதால் உண்டாகும் நிறம் என்பதால் நெடுநாள் நிற்கும். நிறமிகளால் ஆன மற்ற நிறங்கள் வெளிச்சத்தில் மெல்ல மாறிக்கொண்டே போகும். ஆக, அசலான பகுதிகூட அசலான நிறத்தில் நிலைப்பதில்லை.

இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. நல்ல சிற்பமும் இப்படித்தான் ஆகிறது, செய்தவரின் பார்வையால். ஆனால் அப்படியானால் உரிமையும் சிற்பத்தின் உரிமையாகவே இருக்க வேண்டும். தோல் அசலாக இருப்பதால் உருவம் உண்மையாகிவிடும் என்ற வாதத்தை இந்தத் தொழிலின் பெரும் மேதை ஒருவரே உடைத்துவிட்டார். இங்கிலாந்தின் சார்ல்ஸ் வாட்டர்டன், தோலைப் பாதரச உப்புக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே எதையும் அடைக்காமல், கையாலேயே உருக்கொடுக்கும் முறையைக் கண்டவர். 1825இல் வந்த தன் பயணநூலின் முகப்பில் மனித முகம் கொண்ட ஒரு விலங்கின் படத்தை வெளியிட்டார். அது ஊளைக் குரங்கின் தோலைப் பிசைந்து அவரே செய்த உருவம். அசல் தோல்தான், ஆனால் உலகில் இல்லாத ஒரு விலங்கு. மறுபக்கத்தில் டோடோ. அருங்காட்சியகங்களில் முழு உடலோடு நிற்கும் டோடோக்கள் அன்னம், வாத்து போன்ற வேறு பறவைகளின் இறகை ஒட்டிச் செய்த மாதிரிகள். டோடோவின் தோல் என்று மிஞ்சியிருப்பது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள தலைப்பகுதியோடு சரி. பழைய மாதிரிகள் ஓவியங்களைப் பின்பற்றிக் கொழுத்த பறவையைக் காட்டின. எலும்புகளை ஆராய்ந்த பின்வந்தவர்கள் மெலிந்த பறவையைச் செய்தார்கள். இரண்டாவது கூட்டம் உண்மைக்கு நெருங்கியது டோடோவின் தோல் கையில் இருந்ததால் அல்ல, டோடோவின் உடலமைப்பு தெரிந்ததால்.

இன்று உலகப் பாடக்கலைப் போட்டிகளில், ஒரு விலங்கின் உருவத்தை அதன் சொந்த உறுப்பு எதுவும் இல்லாமல் செய்து காட்டுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நடுவர்கள் கைவிளக்கு அடித்து மூக்குத்துளை வரை ஆராய்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். இதிலிருந்து வரும் முடிவைத் தொழில் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். சாயலுக்குப் பறவையின் தோல் கட்டாயம் இல்லை என்றால், அந்தத் தோல் மட்டுமே தரக்கூடியது என்ன?

சாட்சியம். இந்தப் பறவை, இந்த நாளில், இந்த இடத்தில் இருந்தது என்ற சாட்சியம்.

அந்தச் சாட்சியம் தோலில் பாதியும் காலில் கட்டிய சீட்டில் பாதியுமாக இருக்கிறது. சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டார்வினே எடுத்துக்காட்டு. எடின்பரோவில் 1826இல் அவருக்குப் பறவையைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன். கயானாவில் அடிமையாக இருந்தபோது வாட்டர்டனிடம் இந்த வித்தையைக் கற்று, விடுதலை பெற்று ஸ்காட்லாந்து வந்து அதிலேயே பிழைத்தவர். அவர் தந்த பயிற்சி வீண்போகவில்லை. 1835இல் கலாபகஸ் தீவுகளிலிருந்து டார்வின் கொண்டுவந்த தோல்கள் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் ஆராயும் அளவுக்கு நன்றாக இருந்தன. ஆனால் ஃபின்ச்சுகளை எந்தத் தீவில் சுட்டது என்று டார்வின் பிரித்துக் குறிக்கவில்லை. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் உடன் வந்த பிறரும் சேகரித்துக் குறித்துவைத்த பறவைகளைக் கொண்டுதான் பிறகு அந்தக் குறையை நிரப்ப முயன்றார். கை பழுதின்றி வேலை செய்திருந்தும் சாட்சியம் அரைகுறையாக நின்றது.

சீட்டு பொய் சொன்னால் நிலைமை இதைவிட மோசம். இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில், செயின்ட் லெனர்ட்ஸில் கடை வைத்திருந்தவர் ஜார்ஜ் பிரிஸ்டோ. துப்பாக்கி வேலையும் பாடம் செய்வதும் தொழில். 1892 முதல் 1930 வரை ஹேஸ்டிங்ஸ் சுற்றுவட்டாரத்தில் சுட்டவை என்று அவர் கடை வழியாக வந்த அரிய பறவைகள் பிரிட்டிஷ் பறவைப் பட்டியலுக்குள் நுழைந்துகொண்டே இருந்தன. 1962இல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் அந்தப் பதிவுகளை மொத்தமாக ஆராய்ந்தது. புள்ளியியலாளர் ஜான் நெல்டர் அவற்றை அக்கம்பக்கத்துப் பகுதிகளோடும் வேறு காலங்களோடும் ஒப்பிட்டு, இத்தனை அபூர்வங்கள் ஒரே சிறு வட்டத்தில் இயல்பாக விழ வாய்ப்பில்லை என்று காட்டினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் தள்ளப்பட்டன. பல இனங்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. பிரிஸ்டோ 1947இலேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல அவர் இல்லை. பறவையியலாளர் ஜேம்ஸ் ஹாரிசன் 1968இல் அவருக்காக ஒரு நூலே எழுதி வாதாடினார். நீக்கப்பட்ட இனங்களில் பல பிற்காலத்தில் ஐயத்துக்கிடமில்லாத பதிவுகளோடு பட்டியலுக்குத் திரும்பியும் வந்தன. ஆனால் ஓர் இனம் பிரிட்டனுக்கு வரக்கூடியது என்பதால், அந்தக் கடையில் கிடந்த அந்தப் பறவை அங்கே சுடப்பட்டது என்று ஆகிவிடாது. ஹாரிசனின் வாதம் என்னை அசைக்காததற்கு இதுவே காரணம். அந்தப் பறவைகளில் தோல் பொய்யில்லை, கண்ணில் பட்ட கைவேலையிலும் குறையில்லை. ஊர்ப்பெயர் ஒன்றுதான் பொய், அது ஒன்றே முப்பத்தெட்டு ஆண்டுப் பதிவுகளைக் குப்பையாக்கிவிட்டது.

பாடம் செய்யும் கை சாட்சியைக் கெடுப்பதற்கு மட்டும் உரியதில்லை, காப்பாற்றியும் இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தத் தராசு சாய்ந்துவிடும். ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1954இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய 20,000 பறவைத் தோல்களைக் கொடுத்தார். அவற்றில் பல அதே அருங்காட்சியகத்திலிருந்தும் பிறரிடமிருந்தும் திருடப்பட்டு, புதுச் சீட்டுக் கட்டப்பட்டவை என்று பறவையியலாளர்கள் பமேலா ராஸ்முசனும் ராபர்ட் ப்ரிஸ்-ஜோன்ஸும் நிறுவினார்கள். எப்படி? ஒவ்வொருவரும் பஞ்சை உருட்டும் விதம், குச்சி செருகும் இடம், தையல் போக்கு வேறு வேறு. எழுத்தை மாற்றி எழுதலாம், கைப்பழக்கத்தை மாற்றுவது கடினம். மகாராஷ்டிரத்தின் காந்தேஷ் பகுதியில் 1880களில் பறவை சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் காட்டுச் சிற்றாந்தை ஒன்றைத்தான் மைனெர்ட்ஸ்ஹேகன் அவிழ்த்து மறுபடி அடைத்து, 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தான் சுட்டதாகக் காட்டியிருந்தார். எக்ஸ்ரேயில் டேவிட்சனின் கை வெளிப்பட்டது. பொய் இடத்தை ஒதுக்கிவிட்டு, பழைய சீட்டுகள் உண்மையாகச் சொன்ன பகுதியில் தேடியபோது, 1884க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லாத அந்த ஆந்தை 1997 நவம்பரில் ஷஹாதா அருகே உயிரோடு இருந்தது.

டார்வினின் தோல்களும் மைனெர்ட்ஸ்ஹேகனின் தோல்களும் கிடந்த கோலத்தில் உள்ள ஆய்வுத்தோல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்குழியில் பஞ்சு, மடித்த இறக்கை, சேர்த்துக் கட்டிய கால், இழுப்பறையின் இருட்டு. அழகுக்காக யாரும் அதைச் செய்வதில்லை. நின்ற கோலத்துப் பறவையோ ஆண்டுக்கணக்கில் வெளிச்சத்தில் நிற்கிறது, அளவுகள் கம்பியால் மாறுகின்றன, வண்ணம் பூசப்படுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தொழில் வட்டாரத்தில் 135 ஆண்டுகளாகச் சேர்ந்த 1,300க்கும் மேற்பட்ட தோல்களின் மார்பு இறகில் படிந்திருந்த கரியை ஒப்பிட்டு, நிலக்கரிப் புகை எந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தது என்று 2017இல் இருவர் கணக்கிட்டார்கள். பாடம் செய்து நிறுத்துகிறவர் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கழுவி நீக்குவது அந்த அழுக்கைத்தான். எல்லாச் சாட்சியமும் கழுவலில் போய்விடாது. ஸ்வீடனில் பாதரசம் தடவிய விதை பறவைகளைக் கொன்ற வரலாறு இறகுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, 1960களில் அருங்காட்சியக இறகுகளிலிருந்தே அதைப் படித்தார்கள். ஆனால் வாட்டர்டன் வழியில் பாதரச உப்பில் ஊறிய பழைய தோலில் அந்தக் கணக்கும் குழம்பும். பறவை உண்டு சேர்ந்த மெத்தில் பாதரசத்தைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெகூர் கண்டுபிடித்த பாஷாணச் சோப்பு பூச்சியிடமிருந்து ஏராளமான பறவைகளைக் காத்தது. அதைத் தடவிய பழைய உருவங்களை இன்றும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

அப்படியானால் நின்ற கோலத்தைத் தள்ளிவிடலாமா? முடியாது என்பதற்கு பிரைட்டன் நகரில் ஒரு கட்டடம் இருக்கிறது. எட்வர்ட் பூத் 1874இல் அங்கே தன் சேகரத்துக்காக ஓர் அருங்காட்சியகம் கட்டினார். தான் சுட்ட பிரிட்டிஷ் பறவைகளைத் தான் கண்ட பாறை, புதர், சதுப்போடு சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிகளில் அமைத்தார். பிரிஸ்டோவின் கடை இருந்த அதே சசெக்ஸ் கரைதான். பூத் நிறையக் கொன்றவர், அதை நான் மன்னித்து எழுதவில்லை. ஆனால் எங்கே, எந்தச் சூழலில் என்பதைப் பெட்டிக்குள்ளேயே வைத்ததால், அவருடைய பறவைகள் நின்ற கோலத்திலும் சாட்சி சொல்கின்றன. மக்கள் ஒரு பறவையை நின்று பார்க்க இழுப்பறை உதவாது. பம்பாயில் 1908இல் சிறுவன் சாலிம் அலி தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டு என்ன பறவை என்று கேட்டு இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனபோது, கழகச் செயலர் மில்லார்ட் அவருக்குப் பாடம் செய்த பறவைச் சேகரத்தைத் திறந்து காட்டினார். பாடம் செய்யவும் குறிப்பு எழுதவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பறவைக் கூடத்தில் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வைக்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையைக் கிட்டத்தட்ட முழுவதும் மூடிவிட்டதால், அந்தக் கூடங்களில் இருப்பவை எளிதில் ஈடு செய்ய முடியாதவை. அவற்றின் பூச்சி அரிப்பையும் மங்கிய சீட்டையும் கவனிக்காமல் விடுவது கொடுமை.

என் தீர்ப்பு இது. உண்பதற்காகச் சுட்ட ஃபெசன்டையோ மல்லார்டையோ நிறுத்துவதில் தவறில்லை. அது சிற்பக்கலை, அந்த அளவில் மதிக்கத்தக்க கடினமான கலை. ஆனால் தோலைக் காட்டி உண்மைக்கு உரிமை கொண்டாடும் தகுதி அதற்கு இல்லை. நிறுத்துவதற்காகவே ஒரு பறவையைச் சுடுவதற்கு இனி நியாயம் கிடையாது. சாயல்தான் வேண்டுமென்றால் அந்தப் பறவையைத் தொடாமலே செய்துகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அரிதானது எது கையில் கிடைத்தாலும், கண்ணாடியில் மோதி இறந்ததாக இருந்தாலும், அது கிடந்த கோலத்துக்குத்தான் போக வேண்டும். 1876க்குப் பிறகு யாரும் உறுதியாகக் காணாத இமயமலைக் காடையும் வேட்டைப் பறவைதான். அது இருந்ததற்கு இன்று நம்மிடம் உள்ள பொருட்சான்று ஏறத்தாழ ஒரு டஜன் தோல்கள். அவற்றின் சீட்டுகளைக் கொண்டுதான் முசூரி, நைனிடால் மலைச்சரிவுகளில் இன்றும் தேடுகிறார்கள்.

நிறுத்தும் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடைவெளியை நாளையே குறைக்கலாம், செலவும் அதிகமில்லை. கழுவுவதற்கு முன் சில மார்பு இறகுகளைப் பிடுங்கி உறையில் போடுவது, தசைத் துண்டு ஒன்றைச் சாராயத்தில் இடுவது, உடலை எறியுமுன் எடுத்த அளவுகளை எழுதிவைப்பது, சுட்ட நாளையும் ஊரையும், வளர்ப்புப் பறவையா காட்டுப் பறவையா என்பதையும் பீடத்தின் அடியில் மையால் எழுதுவது. வாடிக்கையாளருக்குத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுவது. மூக்குத்துளைக்குள் விளக்கடித்துப் பார்க்கும் நடுவர்கள் பீடத்தையும் புரட்டிப் பார்த்து அதற்கும் மதிப்பெண் போடட்டும்.